பழைய டீஸல் சரக்கு வண்டி: வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும்

பெங்களூர் கண்டோன்மெண்ட் பகுதியில் ஆஸ்டின் டவுன் என்றொரு பேட்டை இருக்கிறது. பெயரைக் கேட்டதும் ஆஸ்டின் மோட்டார் காரை நினைப்பவர் உண்டு. காருக்கும் இப்பேட்டைக்கும் உறவு ஏதுமில்லை. ஆங்கிலேயர் ஒருவரின் பெயரால் அமைந்த குடியிருப்பு இது. இங்கும், இதையடுத்த நீலசந்திரா, விவேக் நகர் ஆகிய இடங்களிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மாலை மங்கியபின் இத்தெருக்களின் ஓரத்தில் சிறு சரக்கு வண்டிகள் வந்து நிற்பதைக் காணலாம். காய்கறி, குடிநீர் கேன், பந்தல் சாமான், சமையல் பாத்திரம், மரச் சாமான் என்று நகரத்தின் சில்லறைச் சுமைகளைப் பகலெல்லாம் சுமந்து திரும்பியவை அவை. அவற்றுள் பல, இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்கப்பட்டவை.

இத்தகைய வண்டியை வாங்குபவர் சாதாரணமாக அதன் ஓட்டுநராகவும் தாமே இருப்பார். வீட்டிலுள்ள நகையை அடகு வைத்தும், மிச்சத்துக்குக் கடன் எடுத்தும் வாங்குவார். வண்டி பட்டறையில் நிற்கும் நாளில் வருமானமும் நின்றுவிடும். கடன் தவணை மட்டும் நிற்பதில்லை. எனவே, வண்டியின் விலை இன்னது என்று கேட்டு அறிவது போதாது. அவ்வண்டி ஒரு கிலோமீட்டர் ஓட என்ன செலவு கேட்கும் என்பதை வாங்குமுன்பே ஊகித்தறிய வேண்டும். அதற்கு டீஸல் எஞ்சினின் இயல்பைச் சிறிதேனும் தெரிந்துகொள்வது அவசியம். கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் களப்பணியாளர்களுக்கும், கணக்கையும் பௌதிகத்தையும் வாழ்க்கையோடு இணைத்துக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் இப்பொருள் பயன்படும்.

டெம்போவும் குட்டி யானையும்

பெங்களூரில் சிறு சரக்கு வண்டி எதுவாயினும் ‘டெம்போ’ என்று அழைக்கும் வழக்கம் உண்டு. 1958ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் பெயர் மக்கள் நாவில் தங்கிவிட்டதே இதற்குக் காரணம். அந்நிறுவனம் 2005இல் போர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. தெருவில் பெயர் மாறவில்லை. அதே 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் டாட்டா ஏஸ் வண்டி விற்பனைக்கு வந்தது. 702 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் இரண்டு ஸிலிண்டர்களும் உடைய டீஸல் எஞ்சின். சக்தி 16 குதிரைத் திறன். சுமை முக்கால் டன். தமிழ் மக்கள் இதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டனர். 2010இல் மஹிந்திரா மேக்ஸிமோவும், 2011இல் ஓசூரில் தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டியும் போட்டிக்கு வந்தன.

பழைய வண்டியை நோக்குபவர் அது எந்தக் காலத்தது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பாரத் ஸ்டேஜ் 4 என்னும் புகை விதிகள் 2010 ஏப்ரலில் பெங்களூர் உள்ளிட்ட 13 நகரங்களிலும், 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதிலும் அமலுக்கு வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தன. விதி மாறும்போதெல்லாம் எஞ்சினின் அமைப்பும் மாறியது. அதனால் பழுதின் தன்மையும், பழுது பார்க்கும் செலவும் மாறின. பழையதில் திருகுச்சாவியால் தீரும் வேலை, புதியதில் கம்ப்யூட்டர் கருவியின்றித் தீராது.

சூடான காற்றே தீப்பொறி

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடுவதை மாணவர் எவரும் உணர்வர். ஜெர்மானிய எஞ்சினீயரான ருடால்ப் டீஸல் 1890ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய எஞ்சின் இவ்வுண்மையின் மீதே நிற்கிறது. 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அது சோதனையில் வெற்றி பெற்றது. ஸிலிண்டருக்குள் வரும் காற்று, தன் கன அளவில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. அப்போது அதன் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் செல்கிறது. அந்நிலையில் நுண்துளிகளாகப் பீச்சப்படும் டீஸல், தீப்பொறி ஏதுமின்றித் தானே பற்றிக்கொள்கிறது.

ஆகவே இந்த எஞ்சினின் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, காற்றைக் கசியவிடாமல் அமுக்குகின்ற பிஸ்டன் வளையங்களும் வால்வுகளும். மற்றொன்று, எரிபொருளைச் சரியான நேரத்தில் சரியான அளவில் பீச்சும் பம்பும் நாசிலும். பழைய வண்டியின் பெருஞ்செலவுகள் பெரும்பாலும் இவ்விரண்டிலிருந்தே பிறக்கின்றன.

இரண்டாவதைப் பற்றிப் பெங்களூர்க்காரர் பெருமை கொள்ளக் காரணம் உண்டு. ஆஸ்டின் டவுனிலிருந்து அதிக தூரமில்லாத ஆடுகோடியில்தான், 1951இல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. நாட்டின் லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் வேண்டிய டீஸல் பம்புகளும் நாசில்களும் அங்கே தயாராயின. 2008இல் அது பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிற்று. பிற்காலத்தில் உற்பத்தி பிடதிக்குப் பெயர்ந்துவிட்டது. ஆயினும் வயது முதிர்ந்த மெக்கானிக்குகள் பம்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘மைக்கோ’ என்று சொல்வதை இன்றும் கேட்கலாம்.

காலைக் குளிரில் ஒரு சோதனை

வண்டியைப் பார்க்கச் செல்பவர் விடியற்காலையில் செல்வது நன்று. விற்பவர் முன்கூட்டியே எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், பாதிக் குறைகள் மறைந்துவிடும். முதலில் எஞ்சினைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அது சில்லென்று இருந்தால் சோதனையைத் தொடங்கலாம். சூடாக இருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புவதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை.

குளிர்ந்த எஞ்சின் இரண்டொரு முயற்சியில் புறப்பட வேண்டும். நீண்ட நேரம் செல்ப் மோட்டார் சுற்றியபின் புறப்படுமாயின், பாட்டரி, ஹீட்டர் பிளக், எரிபொருள் குழாயில் காற்றுக் கசிவு ஆகிய சிறு காரணங்களும் இருக்கலாம். அமுக்கம் குறைந்த பெருங்காரணமும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியப் புகையின் நிறம் உதவும்.

புறப்பட்டவுடன் சிறிது வெண்புகை வந்து ஓரிரு நிமிடங்களில் மறைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. எரியாத டீஸலின் ஆவி அது. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லையானால், ரேடியேட்டர் நீர் ஸிலிண்டருக்குள் கசிகிறதோ என்று ஐயுற வேண்டும். நீலப்புகை, மசகெண்ணெய் எரிவதைக் காட்டுகிறது. அதாவது பிஸ்டன் வளையங்களோ வால்வு அடைப்புகளோ தேய்ந்திருக்கின்றன. கரும்புகை, காற்றுக்கு மிஞ்சிய டீஸல் செல்வதன் அடையாளம்.

கரும்புகையைக் கண்டதும் வண்டியை ஒதுக்கிவிடுவது அவசரம் ஆகும். அதன் காரணம் தூசியடைந்த காற்று வடிகட்டியாக இருக்கலாம். அதை மாற்றச் சில நூறு ரூபாய் போதும். பெங்களூருக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகையால் இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கடற்கரை ஊரில் முழு அளவு டீஸல் செலுத்துமாறு பம்பைத் திருகி வைத்து ஓட்டப்பட்ட பழைய வண்டி, இங்கே வந்ததும் அதே டீஸலுக்குக் குறைந்த காற்றையே பெறுகிறது, கரும்புகை கக்குகிறது. எஞ்சினைப் பிரிக்காமல், பம்பைச் சோதனை மேடையில் வைத்து அளவு திருத்தினாலே இக்குறை தீரும்.

நீலப்புகை அவ்வாறன்று. அதைக் கண்டால் இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயின்மேல் தலைகீழாக வைக்க வேண்டும். மூடி இலேசாக அசைந்தால் குற்றமில்லை. துள்ளிக் குதித்தாலோ, வாயிலிருந்து ஆவி குப்குப்பென்று அடித்தாலோ, எரிந்த வாயு வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று பொருள். ஸிலிண்டரைக் கடைந்து, பிஸ்டனும் வளையமும் மாற்ற வேண்டிய நாள் தொலைவில் இல்லை. விற்பனைக்குமுன் கெட்டியான ஆயிலை ஊற்றிப் புகையை அடக்கிவைக்கும் தந்திரமும் வழக்கத்தில் உள்ளது. மூடியின் துள்ளலை அவ்வளவு எளிதில் அடக்க முடிவதில்லை.

ஆயிலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அளவுக் கம்பியில் ஆயில் கறுப்பாக இருந்தால் எஞ்சின் கெட்டுவிட்டது என்பர். டீஸல் எஞ்சினில் புதிய ஆயிலும் சில நாட்களிலேயே கறுத்துவிடும், அது இயல்பு. பால் கலந்த காபியைப்போல் வெளுத்திருந்தால்தான் அபாயம். அது நீர் கலந்ததன் குறி.

நீர் கலப்பது பெரும்பாலும் அதிகச் சூட்டினால் விளைவது. நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைப்பதில்லை. ரேடியேட்டர் மின்விசிறியையே நம்பியிருக்கிறது. ரேடியேட்டரில் கூலண்ட் திரவத்துக்குப் பதிலாக ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றிவந்தால் உப்புப் படிந்து குழாய்கள் அடைபடும். எஞ்சின் கொதித்தால் ஸிலிண்டர் தலை வளைந்து, ஹெட் கேஸ்கெட் பழுதாகும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். துருநிறம் தெரிந்தால் முந்திய உரிமையாளரின் அசிரத்தை தெரிகிறது. எண்ணெய்ப் படலம் மிதந்தால் கேஸ்கெட்டின் நிலை தெரிகிறது.

மயிரிழையினும் நுண்ணிய இடைவெளி

டீஸல் பம்பினுள் அசையும் உலக்கைக்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான் மட்டுமே. மனிதத் தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்தால் இதன் நுட்பம் விளங்கும். இவ்விடைவெளியில் வேறு மசகு கிடையாது; டீஸலே மசகு. டீஸலில் நீரோ தூசியோ கலந்தால் உலக்கை கீறலுறும். மண்ணெண்ணெய் கலந்தால் வழுவழுப்புக் குறைந்து தேயும். கலப்பட டீஸலால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்த உரிமையாளரின் இலாபத்தை, அடுத்தவர் பம்புச் செலவாகக் கட்டுகிறார்.

கம்ப்யூட்டர் ஆட்சி செய்யும் புதிய வகைப் பம்புகளில் எரிபொருளின் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் செல்கிறது. அதற்கேற்ப நாசில்கள் நுட்பமானவை, விலையும் அதிகம். பழைய நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்து பொருத்துவதுபோல் இவற்றைத் தெருப் பட்டறையில் கையாள இயலாது. எரிபொருள் வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்பது, இத்தகைய வண்டிக்கு மிகவும் முக்கியமான கேள்வியாகும்.

ஸ்டேஜ் 6 வண்டிகள் சிலவற்றில் புகைக்கரி வடிகட்டியும் உண்டு. புகையிலுள்ள கரியை அது பிடித்துச் சேமிக்கிறது. சேர்ந்த கரியை ஏறத்தாழ 600 டிகிரி சூட்டில் எரித்துத் தன்னைத் தூய்மை செய்துகொள்கிறது. அச்சூடு வருவதற்கு வண்டி நெடுஞ்சாலையில் பதினைந்து இருபது நிமிடமாவது சீராக ஓட வேண்டும். ஆஸ்டின் டவுனிலிருந்து சிவாஜி நகருக்கும் கலாசிப்பாளையத்துக்கும் நாள்முழுதும் நின்று நின்று செல்லும் வண்டிக்கு அந்த வாய்ப்பு ஏது? கரி அடைத்துக்கொள்கிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது. சூடேற்றுவதற்காக மிகையாகப் பீச்சப்படும் டீஸலில் ஒரு பகுதி ஸிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. அளவுக் கம்பியில் ஆயில் மட்டம் குறையாமல் உயர்ந்துகொண்டே போனால் மகிழ வேண்டாம், அது டீஸல். வாரம் ஒருமுறை ஓசூர் ரோட்டில் நகருக்கு வெளியே சிறிது தூரம் ஓட்டிவருவது ஓட்டுநர்கள் கண்ட பரிகாரம். வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிடுவது சட்ட விரோதம். அப்படிக் குடையப்பட்ட வண்டியை வாங்குபவர் தகுதிச் சான்றுச் சோதனையில் அகப்பட்டுக்கொள்ளலாம்.

எச்சரிக்கை விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாவியைத் திருப்பியதும் அவ்விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி திருப்பும்போதே எரியவில்லையானால் குறை தீர்ந்துவிட்டது என்பதல்ல, விளக்கு பிடுங்கப்பட்டிருக்கிறது.

சுமையின் சுவடுகள்

முக்கால் டன் என்பது எவ்வளவு? 20 லிட்டர் கேன் ஒன்றில் நீரின் எடை மட்டும் 20 கிலோ. கேனின் எடையைத் தள்ளினாலும், 38ஆவது கேன் ஏறும்போதே அளவு மீறிவிடுகிறது. சிமெண்டு மூட்டையானால் 15. தவிர, திறந்த வண்டியின்மேல் பின்னர் கட்டப்பட்ட தகரக் கூண்டின் எடையும் இக்கணக்கில் கழிய வேண்டும். இவ்வளவைப் பற்றிக் கவலைப்படாமல் ஒன்றரை டன் ஏற்றிய வண்டிகள் சந்தையில் நிறைய உண்டு. அவை தம் சரித்திரத்தை உடலில் எழுதி வைத்திருக்கின்றன.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்புறமிருந்து நோக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டைகள் வெறும் வண்டியிலேயே நிமிர்ந்து தட்டையாகிவிட்டனவா? பட்டைகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டுள்ளனவா? சேஸிஸ் சட்டத்தில் புதிதாக வெல்டு வைத்த இடமோ, ஓரிடத்தில் மட்டும் புதுவர்ணமோ தெரிகிறதா? குடிநீரும் மீனும் ஏற்றிய வண்டியில் தளத் தகட்டின் அடிப்பக்கம் துருவேறியிருக்கும். மேலே விரிப்பு விரித்திருந்தால் அதை எடுத்துவிட்டுப் பார்க்கத் தயங்கலாகாது. கிளட்ச்சைச் சோதிக்க, கைபிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாம் கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட வேண்டும். எஞ்சின் உடனே அணைந்தால் கிளட்ச் நன்று. அணையாமல் உறுமிக்கொண்டிருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது.

கிலோமீட்டர் மானியை நம்புவதற்கில்லை; கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் தேய்மானம் அதைவிட நம்பகமான சாட்சி. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் அச்சிட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூ தேயாமல் இருப்பினும் ஆண்டு பல கடந்த டயரின் ரப்பர் இறுகி வெடித்திருக்கும்.

விலை குறைந்த வண்டியின் விலை

ஒருவர் முன் இரண்டு வண்டிகள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவது ரூ. 2,20,000, புகைகிறது, லிட்டருக்கு 13 கிலோமீட்டர் ஓடுகிறது. இரண்டாவது ரூ. 3,00,000, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டது, 17 கிலோமீட்டர் ஓடுகிறது. நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர். கணக்கு வசதிக்காக டீஸல் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் வண்டிக்கு ஆண்டில் சுமார் ரூ. 1,24,600, இரண்டாவதற்குச் சுமார் ரூ. 95,300. வித்தியாசம் ரூ. 29,300. மூன்றாண்டுகளில் ரூ. 87,900. முதலில் மிச்சப்பட்டதாக எண்ணிய 80,000 ரூபாயை டீஸல் மட்டுமே விழுங்கிவிடுகிறது. எஞ்சின் கடைசல் செலவும், பட்டறையில் நின்ற நாட்களின் வாடகை நஷ்டமும் இதில் சேரவில்லை.

கடனின் கணக்கு இதைவிட ஏமாற்றுந்தன்மை உடையது. ‘பிளாட்’ வட்டி 12 சதவிகிதம் என்று ரூ. 2,00,000 மூன்றாண்டுக்குக் கொடுக்கப்படுகிறது என்போம். வட்டி ரூ. 72,000, மாதத் தவணை சுமார் ரூ. 7,556. அசல் மாதந்தோறும் குறைந்துவந்தும், வட்டி மட்டும் முழுத்தொகைக்கே வசூலாகிறது. குறையும் அசலுக்கு வட்டி என்ற முறையில் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 21 சதவிகிதம். உயர்வகுப்பு மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வட்டிக் கணக்கு அரிது.

வாங்கிய பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு முறையும் டாங்கி நிரம்ப டீஸல் போட்டு, லிட்டரையும் கிலோமீட்டரையும் குறித்துவந்தால், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது தெரியும். அது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், புகை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பழுதின் அறிவிப்பு கிடைத்துவிடுகிறது. இறுகிய பிரேக்கோ காற்றிறங்கிய டயரோகூடக் காரணமாயிருக்கலாம். அவற்றை முதலில் பார்ப்பது சிக்கனம்.

காகிதங்கள்

சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று, எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கு இக்கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் பெருமளவு உயர்த்தப்பட்டது. ஆகவே பதினான்காம் வயதில் மலிவாகக் கிடைக்கும் வண்டியைக் கண்டு மயங்கலாகாது. புகைச் சோதனையில் ஸ்டேஜ் 4க்கு முந்திய வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகும், ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு 50 அலகும் உச்ச வரம்பு.

ஓசூர் வெகு அருகில் இருப்பதால் தமிழ்நாட்டுப் பதிவு வண்டிகள் பெங்களூர்ச் சந்தைக்கு எளிதில் வருகின்றன. அவற்றுக்கு 28ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று வேண்டும். கர்நாடக வரியும் கட்ட வேண்டும். இவ்விரண்டையும் விலையோடு கூட்டியே பேரம் பேச வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்களும், பழைய கடன் தீர்ந்ததற்கு 35 எண் படிவமும் தேவை. ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வண்டியின் பேரில் நிற்கும் அபராதங்களைப் பரிவாஹன் இணையத் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

முன்பணம் கொடுப்பதற்குமுன், பதிவுச் சான்றிலுள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் வெட்டியுள்ள எண்களோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். எண் இருக்குமிடத்தில் அழுக்குப் படிந்திருந்தால் டீஸலில் நனைத்த துணியால் துடைத்துப் படிக்கலாம். வண்டி கைக்கு வந்த முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், ஆயில் வடிகட்டி, டீஸல் வடிகட்டி, காற்று வடிகட்டி, கூலண்ட் ஆகிய ஐந்தையும் மாற்றி, மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.